நியூ ஓர்லியன்சில் ஒரு பருத்தி அலுவலகம்: டெகாவின் ஓவியமும் பிக்கயூன் நாளிதழும்

'நியூ ஓர்லியன்சில் ஒரு பருத்தி அலுவலகம்' பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா (1834–1917) 1873-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். 73 சென்டிமீட்டர் உயரமும் 92 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. இப்போது தென்மேற்கு பிரான்சில் உள்ள போ நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாலே நடனப் பெண்களையும் குதிரைப் பந்தயங்களையும் வரைந்தவர் என்றே டெகாவை நம் பாடநூல்களும் நாட்காட்டிப் படங்களும் அறிமுகப்படுத்தியிருக்கின்றன. அமெரிக்கத் தென்பகுதியின் ஒரு பஞ்சுத் தரகுக் கடையை அவர் வரைந்தார் என்பதும், அதன் நடுவில் ஓர் அமெரிக்க நாளிதழ் விரிந்து கிடக்கிறது என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

அந்த நாளிதழ் நியூ ஓர்லியன்சில் வெளிவந்த 'டெய்லி பிக்கயூன்' என்று கலை வரலாற்றாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். இந்த ஓவியத்தைப் பற்றிய பெரும்பாலான விவாதமும் அந்தத் தாளைச் சுற்றியே நடக்கிறது. அதில் பாதி நியாயமானது, மீதி கட்டுக்கதை.

ஓவியர் அங்கே போன காரணம்

டெகாவின் தாய் மரீ செலஸ்தின் முசோன் நியூ ஓர்லியன்சில் பிறந்தவர். பிரெஞ்சு வழியில் வந்த 'கிரியோல்' குடும்பம். தந்தை ஒகுஸ்த் பாரிசில் வங்கித் தொழில் செய்தவர். தாய் 1847-இல் இறந்தபோது டெகாவுக்கு வயது 13. தாய்மாமன் மிஷேல் முசோன் நியூ ஓர்லியன்சில் பருத்தித் தரகர். டெகாவின் தம்பிகள் அஷீலும் ரெனேயும் அதே ஊரில் 'தெ கா சகோதரர்கள்' என்ற பெயரில் வணிகம் தொடங்கினார்கள். ரெனே 1869-இல் மாமன் மகள் எஸ்டெலை மணந்தார். எஸ்டெலின் முதல் கணவர் 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்திருந்தார். எஸ்டெலுக்குக் கண்பார்வையும் போய்விட்டது. மாமன் மகளை மணப்பது நம் பக்கத்தில் முறைதான் என்பதால் தமிழ் வாசகருக்கு இந்த உறவுமுறை உடனே புரியும். ஐரோப்பிய நூல்கள் இதை விளக்கவே ஒரு வம்சாவளி வரைபடம் போட வேண்டியிருக்கிறது.

1872 அக்டோபரில் ரெனேயோடு கப்பலேறிய டெகா, நியூயார்க்கில் இறங்கி ரயிலில் நியூ ஓர்லியன்ஸ் சேர்ந்தார். 1873 மார்ச் வரை எஸ்பிளனேட் சாலையில் மாமன் வீட்டில் தங்கினார். அவருடைய கண் ஏற்கெனவே பழுதாகத் தொடங்கியிருந்தது. அந்த ஊரின் கூசும் வெளிச்சத்தில் வெளியே நின்று வரைவது அவருக்கு முடியாத காரியம். குடும்பத்தாரின் முகங்களையே வரைந்தார். இங்கே எவனும் வேறெதுவும் செய்வதில்லை, பருத்தியால் பருத்திக்காகவே வாழ்கிறார்கள் என்ற பொருளில் நண்பர்களுக்குச் சலித்துக்கொண்டு கடிதம் எழுதியவர், கடைசியில் அந்தப் பருத்தியைத்தான் தமது பெரிய படத்துக்குப் பொருளாக எடுத்தார்.

படத்தில் இருப்பவர்கள்

கரொண்டலட் தெருவில் இருந்த 'முசோன், பிரெஸ்டிஜ் அண்டு கம்பெனி' அலுவலகம் இது. 14 ஆண்கள். முன்புறம் நாற்காலியில் பட்டுத் தொப்பியுடன் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி வழியாகக் கையிலுள்ள பஞ்சை இழை பிரித்துப் பார்ப்பவர் மாமன் மிஷேல் முசோன். அவருக்குப் பின்னால், படத்தின் நடுவில், நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படிப்பவர் ரெனே. இடது ஓரத்தில் கண்ணாடிச் சாளரத்தில் சாய்ந்து சும்மா நிற்பவர் அஷீல். வலது பக்கம் பெரிய கணக்குப் பேரேட்டின் மேல் குனிந்திருப்பவர் பங்குதாரர் ஜான் லிவோதே. உள்ளே, மேசை விளிம்பில் அமர்ந்து ஒரு வாடிக்கையாளருக்குப் பஞ்சைக் காட்டுபவர் முசோனின் இன்னொரு மருமகன் வில்லியம் பெல். மேசை முழுவதும் பஞ்சு.

படத்தை முதலில் பார்க்கும்போது கண்ணில் படுவது வெள்ளை நிறம். ஆட்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டு. வெள்ளை இருக்கும் இடங்கள் நான்கு: மேசையிலுள்ள பஞ்சு, சட்டைக் கைகள், ரெனேயின் செய்தித்தாள், வலது கீழ் மூலையில் குப்பைக் கூடையில் கசக்கிப் போட்ட காகிதம். பஞ்சும் பத்திரிகையும் குப்பையும் ஒரே நிறத்தால் கோக்கப்பட்டிருக்கின்றன. இதை டெகா வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்பது வீண். நிறத்தை எங்கே வைப்பது என்பதில் அவர் கைதவறிச் செய்தது குறைவு.

காலணாப் பத்திரிகை

'பிக்கயூன்' என்பது ஒரு காசின் பெயர். அமெரிக்கத் தென்பகுதியில் ஒருகாலத்தில் புழங்கிய ஸ்பானிய அரை ரியால் நாணயம், சுமார் ஆறேகால் சென்ட் மதிப்பு. 1837 ஜனவரி 25-இல் பிரான்சிஸ் லம்ஸ்டன், ஜார்ஜ் வில்கின்ஸ் கெண்டல் என்ற இருவர் தொடங்கிய நாளிதழின் விலை ஒரு பிக்கயூன். விலையே பெயராகிவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'அற்பமான' என்ற பொருளும் சேர்ந்தது. 'காலணா பெறாத பேச்சு' என்று நாம் சொல்வதற்கு இணையானது. தன் பெயரிலேயே இந்த ஏளனத்தைச் சுமந்துகொண்டு ஒரு பத்திரிகை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது ஒரு வேடிக்கை. இன்னொரு செய்தி: 1876-இல், அதாவது இந்த ஓவியம் பாரிசில் காட்சிக்கு வந்த அதே ஆண்டில், கணவர் இறந்ததும் கடன்பட்ட அந்தப் பத்திரிகையை எலைசா ஜேன் என்ற பெண் கவிஞர் ஏற்று நடத்தினார். அமெரிக்காவில் ஒரு பெரிய நாளிதழுக்கு உரிமையாளராகிய முதல் பெண்களில் ஒருவர் அவர்.

திவால் அறிவிப்பு என்ற கதை

1873 பிப்ரவரி 1-இல் முசோன், பிரெஸ்டிஜ் நிறுவனம் கலைக்கப்பட்டதாக டெய்லி பிக்கயூனில் அறிவிப்பு வந்தது. டெகா இந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்ததும் அதே நாள்களில்தான். பிப்ரவரி 18-ஆம் தேதி, லண்டனில் இருந்த ஓவிய நண்பர் ஜேம்ஸ் டிசோவுக்கு எழுதிய கடிதத்தில் படத்தைப் பற்றி விவரிக்கிறார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, 'ரெனே படிப்பது தன் குடும்ப நிறுவனம் திவாலான அறிவிப்பைத்தான்' என்று ஒரு கதை பரவியிருக்கிறது. நாடகத்தனமான கதை. மாணவர் கட்டுரைகளில் அப்படியே இடம்பெற்றும் விடுகிறது.

அதை ஏற்க முடியாது. முதலாவது, படத்தில் உள்ள செய்தித்தாளில் வாசிக்கத்தக்க செய்தி எதுவும் தீட்டப்படவில்லை. அச்சு வரிகள் தூரிகைச் சாம்பல் மட்டுமே. இரண்டாவது, ரெனே அந்த நிறுவனத்தின் பங்குதாரரே அல்லர். அவர் மாமன் கடைக்கு வந்து போகும் மருமகன். அவருக்கும் அஷீலுக்கும் தனி வணிகம் இருந்தது. மூன்றாவது, அறையில் யார் முகத்திலும் பதற்றம் இல்லை. மாமன் பஞ்சைப் பார்க்கிறார், கணக்கர் கணக்கைப் பார்க்கிறார், வாடிக்கையாளர் பேரம் பேசுகிறார். கடை மூடிய துக்கத்தைக் காட்ட விரும்பும் ஓவியர் மேசை நிறையச் சரக்கைப் பரப்பி வைப்பாரா?

நான்காவது காரணம் டெகாவின் நோக்கத்திலேயே இருக்கிறது. டிசோவுக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: இந்தப் படத்தை ஆக்னியூ என்ற கலை வணிகர் மூலம் மான்செஸ்டர் நூற்பாலை முதலாளி ஒருவருக்கு விற்க வேண்டும். பருத்தியில் பணம் சேர்த்தவர் பருத்திப் படத்தை வாங்குவார் என்ற கணக்கு. வாங்குபவர் வரவேற்பறையில் மாட்ட வேண்டிய படத்தில் பருத்தி வணிகம் நொடித்த கதையை யாரும் ஒளித்து வைக்கமாட்டார்கள். டெகாவின் அந்த விற்பனை நடக்கவில்லை என்பது வேறு செய்தி.

பிறகு ஏன் படத்தின் நடுவில் செய்தித்தாள்? அதற்கு விடை அந்தக் காலத்துப் பருத்தி வணிகம் மாறிய விதத்தில் கிடைக்கிறது.

விரலும் தாளும்

பருத்தித் தரகர் என்பவர் தோட்ட முதலாளிக்கு முன்பணம் கொடுத்து, அவர் அனுப்பும் பஞ்சை விற்றுக் கொடுத்து, தரகுப் பணம் எடுத்துக்கொள்பவர். அவருடைய மூலதனம் இரண்டு: கடன் கொடுக்கும் வலு, விலை அறியும் திறம். பஞ்சின் இழை நீளம், வலிமை, தூய்மை ஆகியவற்றைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இழுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். எந்தத் தரம் இன்று லிவர்பூலில் என்ன விலை போகும் என்பது அவருக்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியாது.

1866-இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி நிலையாக வேலை செய்யத் தொடங்கியது. லிவர்பூல் விலை அன்றே அமெரிக்காவுக்கு வந்தது. 1871-இல் நியூ ஓர்லியன்ஸ் பருத்திச் சந்தை நிறுவப்பட்டது. நாளிதழில் சந்தை நிலவரம் அச்சாயிற்று. ரயில் பாதைகள் உள்நாட்டுக்குள் போனதும் வாங்குபவர்களே தோட்டப் பக்கம் போய்க் கொள்முதல் செய்தார்கள். தரகரின் ரகசியம் ஒரு பிக்கயூன் காசுக்குத் தெருவில் விற்கத் தொடங்கியது. முசோன் நிறுவனம் விழுந்ததற்கு 1873 செப்டம்பரின் நிதி நெருக்கடி காரணம் என்று எழுதுபவர்கள் தேதியைப் பார்க்கவேண்டும். நிறுவனம் அதற்கு ஏழு மாதம் முன்பே மூடப்பட்டுவிட்டது.

டெகாவின் படத்தில் மாமன் கையில் பஞ்சு, மருமகன் கையில் தாள். ஒருவர் தொட்டு அறிகிறார், மற்றவர் படித்து அறிகிறார். மாமன் முன்னால், பெரிதாக இருக்கிறார். ஆனால் தரைப் பலகைகளின் சாய்கோடுகள் நம் பார்வையை உள்ளே இழுத்துக்கொண்டு போய் மருமகனிடம் விடுகின்றன. ஒரு தொழிலில் பழைய அறிவின் இடத்தைப் புதிய அறிவு பிடிப்பதை இவ்வளவு சத்தமில்லாமல் காட்டிய ஓவியம் அந்த நூற்றாண்டில் அரிது. திவால் கதையை விட இது ஆழமானது, படத்துக்குள்ளேயே சான்றும் உடையது.

இந்த விலைச் சங்கிலியின் இன்னொரு முனை தமிழ்நாட்டில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போரால் அமெரிக்கப் பஞ்சு நின்றபோது லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடின. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாயில் 1865-இல் பெரிய வீடுகளே கவிழ்ந்தன. நியூ ஓர்லியன்ஸ் தரகரும் கரிசல் காட்டு விவசாயியும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே தராசின் இரு தட்டுகளில் இருந்தார்கள்.

பத்திரிகையும் பிரெஞ்சு ஓவியமும்

ஓவியத்தில் நாளிதழை வைப்பது டெகாவின் புதுமை அல்ல. செசான் 1866-இல் தம் தந்தை செய்தித்தாள் படிப்பதாக வரைந்தார். தந்தையின் கையில் 'லெவெனமான்' என்ற பெயர் தெளிவாகத் தெரிகிறது. செசானின் நண்பர் எமில் ஜோலா புதிய ஓவியர்களை ஆதரித்து எழுதிய பத்திரிகை அது. அங்கே பத்திரிகை ஒரு கட்சிக் கொடி. டெகாவிடம் அப்படி இல்லை. சில ஆண்டுகளில் அவர் வரைந்த 'அப்சிந்த்' படத்திலும் மேசைகளுக்கு இடையே செய்தித்தாள் கிடக்கிறது, யாரும் படிக்கவில்லை. அவருக்குப் பத்திரிகை அறையில் கிடக்கும் பொருள்களில் ஒன்று.

பருத்தி அலுவலகம் 1876-இல் பாரிசில் நடந்த இரண்டாவது உணர்வுப்பதிவிய ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அப்போது அதே ஜோலா இதைக் குறை சொன்னார். டெகா படத்தை முடிக்க முடிக்க அது கெட்டுப்போகிறது, இது பாதி கடற்காட்சி, பாதி படப் பத்திரிகையின் அச்சுச் சித்திரம் என்பது அவர் குறையின் சாரம். வசையாகச் சொன்னது, ஆனால் கண் கூர்மையானது. படத்தின் ஒவ்வொரு முகமும் சமமாகத் துலங்குவதும், ஒரு கணத்தைச் செய்தியாளர்போல் பிடித்து வைத்திருப்பதும் படப் பத்திரிகைகளிடமிருந்து வந்த பழக்கம்தான். ஜோலா அதை இழிவாகக் கருதினார். நூற்றாண்டு கடந்த நமக்கு அதுவே படத்தின் பலமாகத் தெரிகிறது. கடற்காட்சி என்ற சொல்லும் தற்செயலாகப் பொருந்திவிட்டது: இதே பொருளில் வரைந்த சிறிய படத்தைப் பற்றி டிசோவுக்கு எழுதும்போது, மேசைமேல் கிடக்கும் பஞ்சை டெகா ஒரு கடலாகவே சொல்லியிருந்தார்.

படத்தில் இல்லாதவர்கள்

இந்த ஓவியத்தின் மேல் வைக்கத்தக்க உண்மையான குற்றச்சாட்டு வேறு. பருத்தியை விதைத்து, பறித்து, கட்டி, கப்பலேற்றிய கறுப்பின மக்களில் ஒருவர்கூட அறையில் இல்லை. அடிமை முறை ஒழிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. டெகா ஊரில் இருந்த நாள்களில்தான், 1872 டிசம்பர் முதல் 1873 ஜனவரி வரை, பிஞ்ச்பேக் என்ற கறுப்பினத்தவர் லூசியானாவின் ஆளுநர் பொறுப்பில் இருந்தார். அமெரிக்க மாநிலம் ஒன்றுக்கு அப்படி ஒருவர் ஆளுநரானது அதுவே முதல் முறை. ரெனே கையிலிருந்த பத்திரிகைக்கு அந்த மாதங்களில் தலைப்புச் செய்தியே இந்த அரசியல்தான். படத்தில் மேசை ஓரம் உட்கார்ந்திருக்கும் பெல்லும், மாமன் முசோனும் அடுத்த ஆண்டு, கறுப்பினத்தவர் உரிமையை ஆயுதத்தால் எதிர்த்த 'வெள்ளையர் கழகத்தின்' பக்கம் நின்றவர்கள். அமைதியான இந்த அறையைப் பார்க்கும்போது இதையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

மரக்காணத்து உப்பளங்களை அறிந்த வாசகருக்கு இந்த இன்மை விளங்காமல் போகாது. உப்பு வியாபாரி ஒருவருடைய கடையை ஒருவர் வரைந்தால் என்ன வரும்? தராசு, பேரேடு, கைபேசி, உள்ளங்கையில் கொஞ்சம் உப்பை எடுத்து நிறமும் மணியும் பார்க்கும் முதலாளி. பாத்தியில் உப்பு நீரில் நின்று பலகையால் வாரி வரப்பில் குவிக்கும் பெண்களும் ஆண்களும், வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் வராது. படம் பொய்யாகாது. ஆனால் உப்பு எப்படி வந்தது என்று அது சொல்லாது. பாணாற்றுப்படை பாடிய புலவருக்கு இந்தக் குறை இல்லை. எயிற்பட்டினத்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் (அந்தப் பட்டினம் இன்றைய மரக்காணமே என்று கருதும் அறிஞர் உண்டு) உமணர் உப்பு வண்டியோடு வருகிறார்கள், அவர்கள் வளர்த்த குரங்கு அவர்கள் பிள்ளைகளோடு விளையாடுகிறது. வணிகத்தைப் பாடும்போது வண்டியையும் பிள்ளையையும் விடாத பார்வை அது. டெகா கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டார்.

விடுபட்டவர்களில் ஒருவர் அவருக்கு உறவினர் என்பது இந்தக் கதையின் எதிர்பாராத திருப்பம். டெகாவின் தாய்வழிப் பாட்டி ரிலியூ குடும்பத்தவர். பாட்டியின் சகோதரருக்கும், விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணான கான்ஸ்டன்ஸ் விவான் என்பவருக்கும் பிறந்தவர் நார்பெர்ட் ரிலியூ (1806–1894). அதாவது, டெகாவின் தாய்க்கு மாமன் மகன். பாரிசில் படித்துப் பொறியாளரான அவர், 1840-களில் கரும்புச் சாற்றைக் காய்ச்சுவதற்குப் பல அடுக்கு வெற்றிட ஆவியாக்கியைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். முதல் கலத்தில் எழும் நீராவியே அடுத்த கலத்தைக் காய்ச்சும். அடுத்த கலத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் குறைந்த சூட்டிலேயே சாறு கொதிக்கும். ஒரே எரிபொருள் பலமுறை வேலை செய்யும். கொதிக்கும் சாற்றைக் கொப்பரை விட்டுக் கொப்பரைக்கு அடிமைகள் அகப்பையால் மொண்டு ஊற்றி வெந்து சாகும் பழைய முறைக்கு அது முடிவு கட்டியது. சர்க்கரை ஆலைகளில் மட்டுமல்ல, பொட்டலங்களில் விற்கும் வெற்றிட உப்பைத் தயாரிப்பதிலும் இன்று பயன்படுவது இதே தத்துவம்தான். மரக்காணத்துப் பாத்தியில் சூரியன் ஒரே முறை செய்யும் வேலையை ஆலையில் நீராவி மூன்று நான்கு முறை செய்கிறது. அதனால் கடை அலமாரியில் பாத்தி உப்போடு போட்டியிடும் பொடியுப்புக்குப் பின்னால் டெகாவின் உறவினர் ஒருவர் நிற்கிறார். டெகா எங்கும் அவரைக் குறிப்பிட்டதில்லை. இந்த உறவை 1997-இல் வெளிவந்த கிறிஸ்டபர் பென்ஃபியின் நூல் பரவலாக அறியச் செய்தது.

பிறகு

1874-இல் டெகாவின் தந்தை இறந்ததும் வங்கியின் கடன் வெளியே வந்தது. ரெனே வாங்கிப் போன பணமும் அதில் ஒரு பகுதி. டெகா வீட்டையும் சேகரித்த ஓவியங்களையும் விற்றுக் கடன் அடைத்தார். வாழ்நாளில் முதல்முறையாக, வயிற்றுக்காகப் படம் விற்கும் ஓவியரானார். 1878-இல் ரெனே கண்தெரியாத மனைவியையும் குழந்தைகளையும் விட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போய்விட்டார். டெகா அவரோடு பல ஆண்டுகள் பேசவில்லை. மிஷேல் முசோன் பேரப் பிள்ளைகளுக்குத் தம் குடும்பப் பெயரையே சூட்டிவிட்டார். நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகப் பத்திரிகை படிக்கும் அந்த இளைஞரை மறுபடி பார்க்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. ஆனால் 1873-இல் தூரிகை பிடித்த அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது.

அதே 1878-இல் போ நகர அருங்காட்சியகம் படத்தை 2,000 பிராங்குக்கு வாங்கியது. அருங்காட்சியகம் ஒன்று வாங்கிய முதல் டெகா ஓவியம் இதுதான். எஸ்டெல் பூச்செண்டு அடுக்குவதாக டெகா வரைந்த உருவப்படத்தை நியூ ஓர்லியன்ஸ் மக்கள் 1965-இல் ஊரெல்லாம் நிதி திரட்டித் தங்கள் அருங்காட்சியகத்துக்கு வாங்கினார்கள். பிக்கயூன் 1914-இல் இன்னொரு நாளிதழோடு இணைந்து 'டைம்ஸ்-பிக்கயூன்' ஆயிற்று. 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளம் அச்சகத்தைச் சூழ்ந்தபோது இணையத்தில் பதிப்பித்து, அந்தப் பணிக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. 2012-இல் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே அச்சாகும் நிலைக்குக் குறுகி, 2019-இல் போட்டிப் பத்திரிகையிடம் விற்கப்பட்டது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் இருப்பது டெகா சொன்ன அந்தச் சிறிய படம். அதில் மூன்று ஆட்களும் பஞ்சும் மட்டும். டெகா அதையே சிறந்த கலை என்று கருதினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கு, சிறிய படத்தில் கைவேகம் கூடியிருப்பதும், பெரிய படத்தில் உள்ள மருமகனும் அவர் கையிலிருந்த தாளும் அங்கே இல்லாமல் போனதும் உடனே தெரியும்.